துணி யானையைச் சந்தைக்கு அனுப்பும் முன்: வீட்டில் குழந்தைப் பொருள் செய்பவர்களுக்கான சோதனைக் கையேடு

சிங்கப்பூரில் ஒரு துணிப் பொம்மையை விற்க யாரிடமும் முன்அனுமதி வாங்க வேண்டியதில்லை. விண்ணப்பம் கிடையாது, முத்திரை கிடையாது. தைத்து முடித்து, படம் பிடித்து, அன்றிரவே கேரசல் இணையச் சந்தையில் போட்டுவிடலாம். இதை ‘விதி எதுவும் இல்லை’ என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். விதி இருக்கிறது. என்ன, அது விற்பனைக்குப் பிறகுதான் கதவைத் தட்டும்.

2011 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு விதிமுறைகள், பொம்மை, குழந்தை உடை, தொட்டில் போன்ற பொதுவான பொருள்கள் ஐஎஸ்ஓ, ஐஇசி, ஐரோப்பியத் தர அமைப்பு, ஏஎஸ்டிஎம் ஆகிய தர நிர்ணய அமைப்புகளின் பொருத்தமான பாதுகாப்புத் தரம் ஒன்றை எட்டியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. எட்டவில்லை என்று தெரிந்தால் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு அலுவலகம் விற்பனையை நிறுத்தச் சொல்லலாம். வாங்கியவர்களிடம் ஆபத்தைத் தெரிவிக்கவும் சொல்லலாம். உத்தரவை மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், கடையில் விற்பவர் எல்லாருமே இதற்குள் வருவார்கள். ‘நான் வீட்டில் மாதம் இருபது பொம்மைதான் செய்கிறேன்’ என்பதற்குத் தனிச் சலுகை கிடையாது.

முதலில் எந்தப் பெட்டியில் விழுகிறது என்று பாருங்கள்

பொம்மை என்றால் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: ஐரோப்பாவின் இஎன் 71, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்963, அனைத்துலக ஐஎஸ்ஓ 8124. உள்ளூரில் மட்டும் விற்பவர்களுக்கு மூன்றில் எதுவும் சரி. பின்னாளில் வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அந்த நாட்டுத் தரத்தையே இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை கட்டணம் கட்டுவது வீண். சூப்பானைச் சட்டையில் மாட்டும் பட்டைக்கு இஎன் 12586, துணியாலான குழந்தை சுமக்கும் பைக்கு இஎன் 13209-2, குழந்தை உடையின் நாடா, கயிறுகளுக்கு இஎன் 14682.

இரண்டு பொருள்கள் இந்தப் பெட்டிக்குள் வராமல் ஆளைத் தடுக்கி விழ வைக்கும். ஒன்று, சுவரில் செருகும் இரவு விளக்கு. மேசை விளக்கும் ஏசி அடாப்டரும் கட்டுப்படுத்தப்பட்ட 33 வகைப் பொருள்களில் அடக்கம். அவற்றுக்கு விற்பனைக்கு முன்பே பதிவும் ‘சேஃப்டி மார்க்’ முத்திரையும் கட்டாயம். மரத்தில் அழகாக நிலா செதுக்கி, இணையத்தில் வாங்கிய முத்திரையில்லாத அடாப்டரைச் சேர்த்து விற்றால் முழுப் பொருளும் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, குழந்தைக்குத் தடவும் எண்ணெய், கிரீம். அது அழகுப்பொருள் கணக்கில் சுகாதார அறிவியல் ஆணையத்துக்குப் போகிறது. இரண்டையும் இங்கே விட்டுவிடுகிறோம்.

அடுத்தது வயது. எந்த வயதுக்கு என்று நீங்கள் சொல்வதை விட, பொருளைப் பார்த்தால் யார் கையில் போகும் என்பதுதான் கணக்கில் வரும். கட்டிக்கொண்டு தூங்குவதற்கான மெத்தென்ற பொம்மையில் ‘3 வயதுக்குக் கீழ் ஏற்றதல்ல’ என்று சீட்டு ஒட்டித் தப்பிக்க முடியாது. சோதனைக்கூடம் அதைப் 3 வயதுக்குக் கீழ் என்றே எடுத்துக்கொள்ளும், கடுமையான விதிகள் அத்தனையும் பொருந்தும்.

செலவு எண்ணிக்கையைப் பார்க்காது, வகையைப் பார்க்கும்

சிறு தயாரிப்பாளரின் கழுத்தைப் பிடிப்பது இதுதான். ஆய்வகம் நீங்கள் 50 செய்கிறீர்களா 50,000 செய்கிறீர்களா என்று கேட்டு விலை போடுவதில்லை. எத்தனை வகைத் துணி, எத்தனை நிறம், எத்தனை பிளாஸ்டிக், எத்தனை சாயப் பூச்சு என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போடும். பெரிய கம்பெனி அந்தத் தொகையை ஆயிரக்கணக்கான பொம்மைகளில் கரைத்துவிடும். உங்களுக்கு அது முப்பது பொம்மைகளின் தலையில் விழும். எனவே சோதனைச் செலவைக் குறைக்கும் இடம் ஆய்வகத்தின் முகப்பு மேசை இல்லை, உங்கள் வெட்டு மேசை.

ஒரு துணி யானையை எடுத்துக்கொள்வோம். சாம்பல் நிறப் பருத்தித் துணி, காதின் உள்பக்கத்துக்கு இளஞ்சிவப்புத் துணி, கண்ணுக்கு பிளாஸ்டிக் பொத்தான், வாலுக்குக் கம்பளி நூல், கழுத்தில் மஞ்சள் ரிப்பன், தையல் நூல், உள்ளே பாலியெஸ்டர் பஞ்சு. ஏழு வகை. இப்போது கண்ணைக் கறுப்பு நூலால் பின்னுங்கள், வாலை அதே சாம்பல் துணியில் சுருட்டித் தையுங்கள், ரிப்பனை எடுத்துவிடுங்கள். பொத்தான், கம்பளி, ரிப்பன் போய், பின்னல் நூல் ஒன்று வந்தது: ஐந்து வகை. அதோடு கழன்று விழக்கூடிய பாகம் ஒன்று, கழுத்தில் சுற்றக்கூடியது ஒன்று, இரண்டும் ஒரே அடியில் ஒழிந்தன.

பிறகு முயல், கரடி, பசு, மயில் என்று வரிசை நீளும்போது அதே ஐந்தையே வைத்து வெட்டுங்கள். ஐந்து விலங்குக்கு ஐந்து நிறத்தொகுதி என்றால் இருபதைத் தாண்டும். ஒரே தொகுதி என்றால் வேதியியல் சோதனை அந்த ஐந்துக்கு மட்டும்தான். புதிய விலங்குக்கு இழுவை, தீப்பற்றும் சோதனைகள் மட்டும் போதும். ஆராப் ஸ்திரீட்டில் மிச்சத்துண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று ஒவ்வொரு முறையும் வேறு துணி வாங்குபவர்கள், மீட்டருக்கு இரண்டு வெள்ளி மிச்சம் பிடித்துச் சோதனையில் நூற்றுக்கணக்கில் விடுகிறார்கள். ஒரே சாயத் தொகுதியில் முழுச் சுருள் வாங்குவது கையைக் கடிக்கும்தான். ஆனாலும் அதுவே மலிவு.

வீட்டில் செய்யக்கூடிய முன்சோதனை

இது சான்றிதழ் ஆகாது. ஆனால் ஆய்வகத்தில் பணம் கட்டித் தோற்பதில் பாதியை இங்கேயே பிடித்துவிடலாம். தேவையானவை: பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு, துணி சுற்றிய குறடு, அளவுகோல், சிறுபாகம் அளக்கும் உருளை. இந்த உருளையின் உள்விட்டம் 31.7 மி.மீ.; அடிப்பக்கம் சாய்வாக வெட்டியிருப்பதால் ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1 மி.மீ. இணையத்தில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். 24.65 மி.மீ. விட்டமுள்ள நம் ஒரு வெள்ளி நாணயம் அதற்குள் தாராளமாக விழும். சட்டைப் பொத்தானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கீழே வரும் எண்கள் இஎன் 71-1ஐ ஒட்டியவை.

1. துவைப்பதற்கு உரிய பொருளானால் முதலில் துவைத்துக் காயவையுங்கள். பலர் புதுப் பொம்மையை இழுத்துப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். குழந்தை இழுப்பது துவைத்த பொம்மையை.

2. 85 செ.மீ. உயரத்திலிருந்து ஐந்து முறை, வெவ்வேறு பக்கம் படும்படி போடுங்கள். ஆய்வகம் பூச்சுள்ள எஃகுத் தகட்டில் போடும். வீவக அடுக்குமாடி வீட்டுத் தரை ஓடு அதைவிட இரக்கமற்றது. மரப் பொம்மையின் ஒட்டும் மூட்டுகள் இங்கேதான் பேசும்.

3. கழலக்கூடிய ஒவ்வொரு பாகத்தையும் பிடித்து அரைச்சுற்று முறுக்கி, பத்து நொடி வைத்து, எதிர்ப்பக்கமும் செய்யுங்கள். ஆய்வகத்தின் உச்சவரம்பு 0.34 நியூட்டன் மீட்டர்.

4. இழுவை. பாகத்தின் நீளமான பக்கம் 6 மி.மீட்டருக்கு மேல் இருந்தால் 90 நியூட்டன், அதாவது தராசில் 9.2 கிலோ. 6 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் 50 நியூட்டன், 5.1 கிலோ. ஐந்து நொடியில் மெல்ல ஏற்றி, பத்து நொடி பிடித்திருங்கள். சட்டென்று வெடுக்கிவிடாதீர்கள், அது வேறு சோதனை.

5. தையல் ஓரம். தையலின் இரு பக்கமும் துணியைக் கவ்வி 70 நியூட்டன், 7.1 கிலோ. பிரிந்த இடத்தில் 12 மி.மீ. தடிமனுள்ள கம்பி உள்ளே போய் பஞ்சைத் தொடும் அளவுக்கு வழி விடக்கூடாது.

கழன்ற எதுவும் அந்த உருளைக்குள், எந்தத் திசையிலும் அமுக்காமல், முழுதாக அடங்கினால் தோல்வி.

எங்கே பிய்கிறது, ஏன்

துணிப் பொம்மையில் முதலில் போவது இயந்திரத் தையல் இல்லை. பஞ்சை அடைத்துவிட்டுக் கையால் மூடுகிறோமே, அந்த நாலு விரல் அகலம்தான். தையல் இடைவெளி 5, 6 மி.மீ. என்று தாராளமாகப் போயிருக்கும், நூல் ஒற்றையாக இருக்கும். இரட்டை நூல், 3 மி.மீ. இடைவெளி, இரு முனையிலும் துணிக்குள் திரும்பி மூன்று முறை போட்ட முடிச்சு. இவ்வளவு செய்தால் அந்த இடம் நிற்கும்.

அடுத்தது தையல் ஓரத் துணி. சின்னக் காது அழகாகத் திரும்ப வேண்டும் என்று ஓரத்தை 3 மி.மீட்டராக நறுக்கிவிடுவார்கள். இழுக்கும்போது நூல் அறுவதில்லை, துணியின் இழையே நழுவி வெளியே வந்துவிடுகிறது. தளர்வாக நெய்த லினனில் இது நிச்சயம். ஓரம் 6 அல்லது 7 மி.மீ., தையல் நீளம் 2 மி.மீ., நூல் பாலியெஸ்டர், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வரி. வளைவில் வெட்டுக் கொடுக்கும்போது தையலுக்கு 2 மி.மீ. முன்னாலேயே நிறுத்துங்கள். லினன்தான் வேண்டும் என்றால் பின்னால் ஒட்டுத்துணி வைத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். அது ஒரு வகை கூடுதல் என்பதையும் கணக்கில் எழுதுங்கள்.

குரோஷே பொம்மைக்குப் போடும், பின்பக்கம் வளையம் மாட்டிப் பூட்டும் ‘சேஃப்டி ஐ’ கண்கள் பெயரில் மட்டுமே பத்திரமானவை. தண்டும் வளையமும் உறுதியாகத்தான் இருக்கின்றன. பின்னலின் கண்ணி விரிந்து, வளையத்தோடு சேர்ந்து முழுக்கண்ணும் வெளியே வந்துவிடும். உள்பக்கம் வளையத்துக்கும் பின்னலுக்கும் நடுவே நெருக்கமாக நெய்த துணி வட்டம் ஒன்றை வைத்தால் ஓரளவு தாங்கும். 3 வயதுக்குக் கீழ் என்றால் நூல் கண்ணே மேல்.

பஞ்சு உருண்டை வால், தொப்பிக் குஞ்சம் ஆகியவற்றுக்கு அளவு வேறு: கழன்றால் 44.5 மி.மீ. வட்டத் துளைக்குள் போகக்கூடாது. கிலுகிலுப்பைக்கோ முட்டை வடிவத் துளை ஒன்று உண்டு, 35க்கு 50 மி.மீ., ஆழம் 30. கிலுகிலுப்பையின் எந்தப் பகுதியும் அந்த ஆழத்தைத் தாண்டி நீட்டக்கூடாது. மெல்லிய கைப்பிடியும் நுனியில் சின்னக் குமிழும் உள்ள மரபான மரக் கிலுகிலுப்பை பார்க்க லட்சணம். சோதனையில் குமிழ் உள்ளே போய்விடும். கைப்பிடியை வளையமாக மாற்றினால் தீர்ந்தது.

ஒட்டிய மரப் பொம்மைக்கு நீரில் ஊறும் சோதனையும் உண்டு: 4 நிமிடம் மூழ்க வைத்து, எடுத்து உதறி, 10 நிமிடம் விட்டு, இப்படி மொத்தம் நான்கு முறை. பிறகுதான் இழுப்பார்கள். சாதாரண வெள்ளைப் பசை இதில் குழைந்துவிடும். டி3 தர நீர்தாங்கு பசை வாங்குங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் மரம் உப்பிச் சுருங்குவதும் மூட்டைத் தளர்த்தும், அதனால் ஒட்டிய அன்றே சோதிக்காமல் இரண்டு வாரம் வெளியே வைத்துவிட்டுச் சோதியுங்கள். பூஞ்சைக்குப் பயந்து பொம்மைப் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பெரிய அட்டைப்பெட்டியில் போடலாம், குழந்தை கையில் போகும் பையில் கூடாது. அந்தப் பை பிளாஸ்டிக்காக இருந்தால் தடிமன் சராசரியாக 0.038 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. முகத்தில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பைகள் அதற்கும் கீழே.

பாவாடை சட்டைக்குப் பின்னால் தொங்கும் குஞ்சம்

தீபாவளிக்கு முன் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் அதிகம் போகும் குழந்தை உடை இதுதான். இஎன் 14682ஐ அதிகம் மீறுவதும் இதுவாகத்தான் இருக்கும். 7 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் உடையில் கழுத்துப் பகுதியில் இழுகயிறோ தொங்கும் அலங்காரக் கயிறோ இருக்கக்கூடாது. சட்டையின் பின்கழுத்தில் முடிச்சுப் போட்டு, நுனியில் மணியும் குஞ்சமும் தொங்கும் நாடா இரண்டும் சேர்ந்தது. சறுக்குமரத்தின் இடுக்கில், மின்படியில், பேருந்துக் கதவில் சிக்கினால் இழுபடுவது கழுத்து.

அழகை விட வேண்டாம். பின்பக்கம் அழுத்துப் பொத்தானோ ஜிப்போ வைத்து, குஞ்சம் மாதிரி வடிவத்தைத் துணியின் மேலேயே தட்டையாகப் பின்னிவிடுங்கள். அம்மாமார் ‘குஞ்சம் இல்லையா?’ என்று கேட்பார்கள். ஏழு வயதுக்கு மேலான அளவுகளில் கொடுக்கலாமா என்பதற்கு அந்தத் தரத்தில் தனி அளவுகள் இருக்கின்றன, வாசித்துவிட்டுத் தையுங்கள்.

சூப்பான் பட்டையின் நீளம் 220 மி.மீட்டரைத் தாண்டக்கூடாது. ‘கொஞ்சம் நீளமாப் போடுங்க அக்கா, கீழ விழுந்தா எட்டணும்’ என்று வாடிக்கையாளர் கேட்டாலும்தான்.

குழந்தைக் கொலுசும் காப்பும் பொம்மையாகக் கருதப்படுவதில்லை, நகை. ஐரோப்பிய வரம்பு: ஈயம் எடையில் 0.05 விழுக்காடு, காட்மியம் 0.01 விழுக்காடு. என்ன உலோகம் என்று விற்பவருக்கே தெரியாத வெள்ளை உலோகக் கொலுசை, அதுவும் கடித்தால் கழலும் மணியோடு, கைக்குழந்தைக்கு விற்காமல் இருப்பதே உத்தமம்.

வேதியியல்: வீட்டில் முடியாது

ஈயம் இருக்கிறதா என்று தேய்த்துப் பார்க்கும் குச்சிகளை நம்பி ஒரு பொருளைப் ‘பாதுகாப்பானது’ என்று சொல்லிவிடாதீர்கள். வரம்புகள் மிகச் சிறியவை. இஎன் 71-3 சுரண்டி எடுக்கக்கூடிய பூச்சிலிருந்து கரைந்து வரும் ஈயத்தைக் கிலோவுக்கு 23 மி.கிராமில் நிறுத்துகிறது. அமெரிக்காவோ கரைவதைப் பார்க்காமல் மொத்த ஈயத்தைப் பார்க்கிறது: பூச்சில் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு), மற்றப் பாகங்களில் 100. இரண்டும் வேறு வேறு சோதனை. ஒன்றின் அறிக்கை மற்றதற்கு ஆகாது. மென்மையான பிளாஸ்டிக்கில், அதை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகளுக்கு 0.1 விழுக்காடு.

மொத்த வியாபாரி அனுப்பும் ‘எல்லாம் பாஸ்’ அறிக்கையைத் திறந்ததும் பார்க்க வேண்டியவை: எந்தத் தரம், எந்தத் தேதி, மாதிரியின் படத்தில் இருப்பது நீங்கள் வாங்கும் நிறம்தானா, விண்ணப்பித்தவர் பெயர் அவருடையதா. மின்னணுப் பொருளுக்கான ‘ரோஸ்’ (RoHS) அறிக்கையைக் காட்டுபவர்கள் உண்டு. அதன் ஈய வரம்பு 1,000 பிபிஎம், குழந்தைப் பொருளுக்கு அது பத்து மடங்கு. அறிக்கை எண்ணை அந்த ஆய்வகத்தின் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள். துணிக்கான ஓகோ-டெக்ஸ் 100 சான்றில் 3 வயது வரையிலான குழந்தைக்கு உரியது முதல் வகுப்பு. சான்று ஓராண்டுக்குத்தான், எனவே வாங்கும் நாளில் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். துணியின் வேதியியலுக்கு அது நல்ல துணை. நீங்கள் போட்ட தையலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

ஆய்வகத்திடம் பேசும்போது

சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் கீழ் ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 அங்கீகாரம் பெற்ற கூடத்தைத் தேடுங்கள். நீங்கள் கேட்கும் தரம் அதன் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். விலை கேட்டு அனுப்பும் மின்னஞ்சலில் பொருளின் படம், பாகப் பட்டியல், ஒவ்வொரு பாகத்தின் மூலப்பொருளும் நிறமும், வயது, விற்கும் நாடு ஆகியவை இருக்கட்டும். ‘பொம்மை டெஸ்ட் எவ்வளவு?’ என்று ஒற்றை வரியில் கேட்டால், இருப்பதிலேயே பெரிய தொகுப்பின் விலைதான் பதிலாக வரும்.

இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். முதலில் இழுவை, தீப்பற்றும் சோதனைகளை மட்டும் செய்யச் சொல்லுங்கள். அவை தேறிய பிறகு வேதியியல். கண் கழன்று தோற்றால் நீங்கள் கண்ணை மாற்றுவீர்கள். பழைய கண்ணுக்குக் கட்டிய வேதியியல் கட்டணம் அதோடு போகும். அடுத்தது, ஒரே வகையைச் சேர்ந்த மூன்று நிறங்களைக் கலந்து ஒரே மாதிரியாகச் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். தாலேட்டுக்கும் மொத்த ஈயத்துக்கும் பல கூடங்கள் இதைச் செய்கின்றன.

மாதிரியாக, நிதானமாக உட்கார்ந்து தைத்த அழகான ஒன்றை அனுப்பாதீர்கள். தீபாவளி நெருக்கடியில் இரவு பன்னிரண்டு மணிக்குத் தைத்ததை அனுப்புங்கள். வாங்குபவர் கைக்குப் போவது அதுதான்.

கடல் தாண்டி அனுப்பினால்

அமெரிக்காவில் 2007ல் ஈயப் பூச்சுள்ள பொம்மைகள் ஏராளமாகத் திரும்பப் பெறப்பட்டன. மறு ஆண்டே குழந்தைப் பொருள் சட்டம் இறுகியது. அங்கே குழந்தைப் பொருள் சான்றிதழும், தயாரித்த இடம், காலம், தொகுதி சொல்லும் அடையாளச் சீட்டும் தேவை. சோதனைக்கூடம் அந்நாட்டுப் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் இருக்க வேண்டும், இங்குள்ள அங்கீகாரம் மட்டும் போதாது. நல்ல சேதி ஒன்று: பருத்தி, கம்பளி, பூச்சு இல்லாத மரம், சாயமிட்ட துணி ஆகியவற்றுக்கு அங்கே ஈயச் சோதனை விலக்கு உண்டு. துணி மேல் அச்சடித்த படத்துக்கு அந்த விலக்கு நீளாது. ஐரோப்பாவுக்கு, அங்குள்ள பாதுகாப்பு விதிகளை எட்டியதைக் காட்டும் சிஇ முத்திரையோடு, அங்கே முகவரி உள்ள பொறுப்பாளர் ஒருவரும் தேவை. அங்கே பொதுப் பொருள் பாதுகாப்பு விதி 2024 டிசம்பர் 13 முதல் நடப்பில் இருக்கிறது. மாதம் இரண்டு பொட்டலத்துக்கு இது கட்டுப்படியாகாது என்பதே எங்கள் கணிப்பு.

குறிப்பேடு

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வரி: தொகுதி எண், தைத்த தேதி, துணிச் சுருளின் எண், நூல், பஞ்சு, எங்கே எப்போது வாங்கியது, எத்தனை செய்தது, யாருக்குப் போனது. அதே தொகுதி எண்ணைப் பொம்மையின் சீட்டிலும் அடியுங்கள். ‘யா-07’ என்றால் ஏழாம் தொகுதி யானை, அவ்வளவு போதும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றை விற்காமல் பெட்டியில் வையுங்கள். நூலின் பிராண்டை மாற்றினாலும் அது புதுத் தொகுதி. சாயம் மாறினால் அந்தப் பாகத்துக்கு மறுசோதனை.

என்றாவது ஒரு வாட்ஸ்அப் வரும்: காது பிரிந்து பஞ்சு தெரிகிற படம். அந்தத் தொகுதியின் விற்பனையை அன்றே நிறுத்துங்கள். எடுத்து வைத்த பொம்மையின் அதே காதை 7.1 கிலோவில் இழுங்கள். அதுவும் பிரிந்தால் அந்தத் தொகுதியை வாங்கிய எல்லாருக்கும் பயன்பாட்டை நிறுத்தச் சொல்லிச் செய்தி அனுப்பி, பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். சீட்டில் ‘யா-07’ இருந்தால் அழைக்க வேண்டியது பதினெட்டு வீடு. இல்லாவிட்டால், இதுவரை விற்ற அத்தனை யானைக்கும்.